சிடி அறையில் இன்சார்ஜ்

அன்புள்ள அக்கா,

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். ஒரு தனியார் மருத்துவமனையில் ஏழு வருஷமாக சிடி ஸ்கேன் டெக்னீஷியன். நீங்களும் ராயபுரம் பக்கம் சிடியில் இன்சார்ஜாக இருந்தவர் என்று உங்கள் பழைய பதிவு ஒன்றில் படித்தேன், அதனால் கேட்கிறேன். போன மாதம் என்னை இன்சார்ஜ் ஆக்கினார்கள். சம்பளம் கொஞ்சம்தான் ஏறியது. அதுவரை ஒன்றாக டீ குடித்தவர்கள் இப்போது நான் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள். என்னைவிட ஒன்பது வருஷம் சீனியர் ஒருத்தர் இருக்கிறார், அவருக்கு நைட் டூட்டி போடவே கை வரவில்லை. மேலிடத்திலிருந்து தினமும் சாயந்திரம் ஒரே கேள்வி, இன்னைக்கு எத்தனை கேஸ்? வெளியே காத்திருப்பவர்கள் சண்டை போட்டால் அதுவும் என்னிடம்தான் வருகிறது. ஃபோனும் ரிஜிஸ்டருமாகவே நாள் போகிறது, பேஷண்ட்டைத் தொட்டு நாலு நாள் ஆகிறது. எனக்குத் தெரிந்தது ஸ்கேன் எடுக்க மட்டும்தான். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா?

(பெயர் போட வேண்டாம் அக்கா.)

அன்புள்ள தம்பி,

எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு மாதம் போதாது, ஒரு மழைக்காலமாவது பாருங்கள், ஏன் மழைக்காலம் என்று கீழே சொல்கிறேன்.

முதலில் அந்த ‘மட்டும்தான்’. ஸ்கேன் எடுக்க மட்டும்தான் தெரியும் என்று ஏழு வருஷம் வேலை பார்த்த ஒருத்தர் எழுதினால் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் வெளியே எல்லாரும் நம்மைப் பற்றி அதைத்தான் சொல்கிறார்கள், பட்டனை அமுக்குகிறவர்கள் என்று. காலையில் முதல் பேஷண்ட் வருவதற்கு முன் நீங்கள் என்ன செய்கிறீர்கள்? எக்ஸ்ரே டியூபை வார்ம் அப் செய்து, காற்றை வைத்து மெஷினைச் சரிபார்க்கும் ஏர் கேலிபரேஷன் ஓட்டி, அப்புறம் தண்ணீர் நிரப்பிய சோதனை உருளையான வாட்டர் ஃபாண்டத்தை வைத்துப் பார்க்கிறீர்கள். தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. அந்த அளவுக்குப் பெயரே ஹவுன்ஸ்ஃபீல்ட் யூனிட், 1971 அக்டோபர் 1 அன்று லண்டன் விம்பிள்டனில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்த சிடி மெஷினை உருவாக்கிய காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயர். அவர் டாக்டர் இல்லை, இன்ஜினியர். 1979ல் அவருக்கும் இயற்பியலாளர் ஆலன் கார்மக்குக்கும் சேர்த்து மருத்துவத்துக்கான நோபல் கொடுத்தார்கள். இதை நான் ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் சொல்வேன், நம் தொழில் ஒரு அளவுகோலில் நிற்கிறது, அந்த அளவுகோலைத் தினமும் சரிபார்க்கிற ஆள் நாம்தான் என்று தெரிந்துகொள்ளட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், மூளையின் சாம்பல் நிறப் பகுதி அந்தக் கணக்கில் 35, 40 இருக்கும், புதிதாகக் கசிந்த ரத்தம் 60ஐத் தாண்டும். வாய் கோணி, ஒரு கை விழுந்து ஒருத்தரை 108ல் கொண்டுவருகிறார்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட நாலரை மணி நேரம்தான் அவகாசம், அதுவும் உள்ளே ரத்தக்கசிவு இல்லை என்று சிடியில் பார்த்த பிறகுதான். இந்த இருபது முப்பது எண் வித்தியாசத்தில் ஒரு உயிர் இருக்கிறது. தண்ணீரின் எண் விலகி நின்றால், வெளியே பத்துப் பேர் காத்திருந்தாலும், ‘நிறுத்து, சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடு’ என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஜூனியரால் சொல்ல முடியாது, அவருக்குத் திட்டு விழும். அதைச் சொல்லத்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறார்கள், அவர்களுக்கே அது தெரியாவிட்டாலும். இன்சார்ஜ் வேலை என்று எனக்குப் புரிந்தது இவ்வளவுதான் தம்பி. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவது.

அதை நான் செய்யத் தவறிய நாள் ஒன்று உண்டு. இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

இன்சார்ஜ் ஆகி இரண்டாவது வருஷம். எனக்கும் அதே சாயந்திரக் கேள்விதான், எத்தனை கேஸ். கூட்டிக் காட்ட வேண்டும் என்று நானே ஒரு குறுக்குவழி போட்டுக் கொடுத்தேன், கேஸ் ஷீட்டைக் கன்சோலில், அதாவது மெஷினை இயக்கும் மேஜையில், ஒருத்தர் பார்த்துக்கொள்ளட்டும், வெளியே போகிறவர் பெயரை மட்டும் கூப்பிட்டு அழைத்து வந்தால் போதும் என்று. அன்று மதியம் ஒரே பெயரில் இரண்டு அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள், இந்தப் பக்கம் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். ஒருவருக்கு வயிறு, கான்ட்ராஸ்ட்டோடு, அதாவது படம் தெளிவாகத் தெரிய நரம்பில் ஏற்றும் மருந்தோடு. இன்னொருவருக்கு மூளை, பிளெய்ன். எங்கள் பையன் கதவைத் திறந்து பெயரைக் கூப்பிட்டான். மூளை ஸ்கேனுக்கு வந்த அம்மாவுக்குக் காது மந்தம், பக்கத்தில் இருந்தவர்கள் தன்னைப் பார்க்கிறார்களே என்று எழுந்துவிட்டார். வயிற்று ஸ்கேன் அம்மா பாத்ரூம் போயிருந்தார். ‘நீங்கதானேம்மா?’ என்று கேட்டிருக்கிறான், அவர் தலையாட்டியிருக்கிறார். நரம்பில் ஊசி லைன் போட்டு, கான்ட்ராஸ்ட் ஏற்றி, வயிற்றை எடுத்து முடித்தாகிவிட்டது. சிறுநீரகம் அந்த மருந்தைத் தாங்குமா என்று தெரிய ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துத்தான் ஏற்றினோம், ஆனால் அது மற்ற அம்மாவுடைய கிரியாட்டினின். இவருக்குச் சிறுநீரகம் ஏற்கெனவே பலவீனம்.

அப்போது நான் ஃபோனில் இருந்தேன், கேஸ் கணக்கு சொல்லிக்கொண்டு.

அட்மிட் செய்து பார்த்தார்கள். இரண்டாம் நாள் கிரியாட்டினின் ஏறியது, ஒரு வாரத்தில் மெல்ல இறங்கிப் பழைய இடத்துக்கு வந்தது. அந்த ஒரு வாரமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மகன் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவர், முதல் நாள் சாயந்திரமே அவரை உட்கார வைத்து நடந்ததை அப்படியே சொன்னேன். சொல்ல வேண்டாம் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவர் கத்தவில்லை. ‘அம்மாவுக்குச் சரியாயிடுமா மேடம்’ என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். பையன் மேல் நடவடிக்கை எடுக்கப் பார்த்தார்கள், குறுக்குவழி போட்டது நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு எங்கள் அறையில் ‘நீங்கதானே?’ என்ற கேள்வியே கிடையாது. பயத்தில் இருக்கிறவர் எதற்கும் ஆமாம் என்பார். ‘உங்க பேர் என்னம்மா? அப்பா பேரு, இல்ல வீட்டுக்காரர் பேரு? எந்த இடத்துல ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க?’ என்று அவர் வாயால் சொல்ல வைக்க வேண்டும், சீட்டில் உள்ள நம்பரோடு ஒத்துப்போக வேண்டும். அப்புறம் கிட்னி, சர்க்கரை மாத்திரை, முன்னே ஊசி போட்டு அலர்ஜி வந்ததா, பெண்களிடம் கடைசியாக மாதவிடாய் வந்த தேதி. கான்ட்ராஸ்ட் ஏறும்போது உடம்பெல்லாம் சூடாகும், ஒன்றுக்குப் போய்விட்ட மாதிரி இருக்கும், ஆனால் போயிருக்க மாட்டீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்தக் கூச்சத்தில் அசைந்துவிடுவார்கள், யாரிடமும் சொல்லவும் மாட்டார்கள், படம் கெட்டுப்போய் மறுபடி எடுக்க வேண்டிவரும், கதிர்வீச்சு இரட்டிப்பு. எல்லாம் சேர்த்து ஒரு பேஷண்ட்டுக்கு இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்தில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். எத்தனை கேஸ் என்று கேட்டால் எண்ணைச் சொல்லுங்கள், கூடவே எத்தனை கேஸ் திரும்ப எடுத்தோம் என்பதையும் எழுதிக் காட்டுங்கள். இரண்டு நிமிஷம் கொடுத்த இடத்தில் இரண்டாவது எண் குறையும், சில மாதத்தில் முதல் எண்ணும் தானாக ஏறும். எங்களுக்கு அப்படித்தான் ஆனது.

மூச்சு விஷயமும் ஒன்று. மெஷினில் வரும் ஆங்கிலக் குரல் இங்கே யாருக்கும் பிரயோஜனமில்லை. உங்கள் மெஷினில் குரல் பதிவு செய்கிற வசதி இருந்தால் தமிழில் உங்கள் குரலிலேயே போடுங்கள், ‘மூச்சை நல்லா இழுத்துப் புடிங்க’ என்று. தெலுங்கிலும் இந்தியிலும் ஒன்று வேண்டும், மணலி, எண்ணூர் பக்கம் வேலைக்கு வந்திருக்கிற வெளி மாநிலப் பிள்ளைகள் விபத்தில் அடிபட்டு ராத்திரியில் தனியாக வருவார்கள். மொழி தெரியாத இடத்தில் அந்த டேபிளில் படுப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

வெளியே நடக்கும் சண்டைக்கு எனக்குத் தெரிந்த வழி, நீங்களே எழுந்து போய் வரிசை முன்னால் நிற்பது. செக்யூரிட்டியை அனுப்பாதீர்கள். ‘இப்ப உள்ள போறவருக்குப் பக்கவாதம், ஊசி போட நேரம் ஓடிட்டிருக்கு, உங்களுக்கு இன்னும் இருபது நிமிஷம் ஆகும்’ என்று நேரத்தோடு சொன்னால் நம் ஜனம் கேட்டுக்கொள்ளும். ஒளித்து வைத்தால்தான் கோபம் வரும். காத்திருப்பவர்களே ‘அந்தாள முதல்ல கொண்டு போங்க’ என்று ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொடுத்ததை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

சீனியர் அண்ணன் விஷயம். எங்களிடமும் ஒருத்தர் இருந்தார். கீமோ போட்டு நரம்பெல்லாம் போன பேஷண்ட்டுக்கும் லைன் போடுவார், வெந்நீர்த் துணி வைத்து, தட்டித் தட்டித் தடவிக் கண்டுபிடிப்பார். ரத்தக்குழாயைப் படமெடுக்கும் ஆஞ்சியோவுக்கு நொடிக்கு நாலு ஐந்து மில்லி கான்ட்ராஸ்ட் ஏற வேண்டும் என்றால் முழங்கை மடிப்பில் 18ஆம் நம்பர் வென்ஃப்ளான் ஊசி உறுதியாக நிற்க வேண்டும், உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஜூனியர் பிள்ளைகளிடம் அவர் முன்னாலேயே சொன்னேன், இரண்டு குத்துக்கு மேல் குத்தாதீர்கள், அண்ணனைக் கூப்பிடுங்கள் என்று. அவர் முகம் மாறியது அன்றுதான். அதுவரை நான் அவருக்கு நைட்டைக் குறைத்துப் பார்த்தேன், அது அவரை ஒதுக்கி வைத்த மாதிரி ஆகிவிட்டது. அதனால் நைட் போடுங்கள், எல்லாருக்கும் போடுகிற மாதிரியே. தீபாவளி நைட்டில் முதலில் உங்கள் பெயரை எழுதிவிட்டு மற்றவர்கள் பெயருக்குப் போங்கள்.

இப்போது மழைக்காலம். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை டூட்டி சீட்டை யார் எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்துப் போட வேண்டும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் அந்தப் பக்கத்து ஆள் வந்து சேர எத்தனை மணி ஆகும் என்று உங்களுக்கே தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்களில் இரண்டு பேரால் வரவே முடியவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு பெண் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து, என்னோடு இரண்டு ராத்திரி மாறி மாறிப் பார்த்தாள். அவள் அம்மா டிபன் கேரியரில் சாம்பார் சாதம் கொடுத்தனுப்பியிருந்தார், வார்டு பையன் வரைக்கும் பங்கு போட்டுச் சாப்பிட்டோம். அதுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசாத பெண் அவள். டீ குடிக்கும்போது பேச்சை நிறுத்துகிறார்கள் என்று எழுதினீர்களே, அது தானாகச் சரியாகும், அவர்கள் மாட்டிக்கொள்ளும்போது நீங்கள் கூட இருந்தால்.

இன்னும் இரண்டு, சுருக்கமாக. குழந்தைகளுக்கான புரோட்டோகால்களை, அதாவது மெஷினில் போட்டு வைத்த ஸ்கேன் அமைப்புகளை, ஒருநாள் உட்கார்ந்து நீங்களே ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள், கதிர்வீச்சின் அளவைத் தீர்மானிக்கும் எம்ஏ பெரியவர்களுக்கு உள்ளபடியே இருந்தால் ரேடியாலஜிஸ்ட்டோடு பேசிக் குறையுங்கள், கூட நிற்கும் அம்மாவுக்கு மறக்காமல் கதிர்வீச்சைத் தடுக்கும் ஈய ஏப்ரன் கொடுங்கள். அப்புறம் நம் உடம்பில் படும் கதிர்வீச்சைக் கணக்கெடுக்கும் டிஎல்டி பேட்ஜ். நம் பிள்ளைகள் அதைக் கழற்றி ஏப்ரனிலேயே குத்தி ஸ்கேன் அறைக்குள் மாட்டிவிட்டுப் போகிறார்கள். நமக்கு ஐந்து வருஷ சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), எந்த ஒரு வருஷத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது என்பது விதி. அறையில் தொங்கும் பேட்ஜ் அறையின் கணக்கைச் சொல்லும், பிள்ளையின் கணக்கைச் சொல்லாது. நாளைக்கு அவர்களுக்கு ஒன்று என்றால் கையில் உண்மையான கணக்கு இருக்க வேண்டும்.

பேஷண்ட்டைத் தொட்டு நாலு நாள் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருந்தேன், அப்புறம் வாரத்தில் ஒரு நைட்டை எனக்கே போட்டுக்கொண்டேன், யார் சொல்லியும் விடவில்லை. ராத்திரியில் ஃபோன் வராது, கணக்குக் கேட்க ஆள் இருக்காது. வருகிறவரைக் கைபிடித்து டேபிளில் படுக்க வைத்து, தலைக்கு ஸ்ட்ராப் போட்டு, ‘பயப்படாதீங்க, நான் அந்தக் கண்ணாடிக்குப் பின்னாலதான் இருக்கேன்’ என்று சொல்லிவிட்டு வந்து கன்சோலில் உட்காரலாம். இந்த வார டூட்டி சீட் இன்னும் போடவில்லை என்றால் உங்களுக்கும் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். மழை முடிந்ததும் மறுபடி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா