டவ்டன்: எண்ணும் எலும்பும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் அரியணைக்காக யார்க், லங்காஸ்டர் என்ற இரு குடும்பங்கள் மோதிய ரோஜாப் போர்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், டவ்டன் போரில் ஒரே நாளில் 28,000 பேர் மாண்டதாகச் சொல்லப்படுவதைக் குறிப்பிட்டிருந்தீர்கள். வில்லும் வாளும் கொண்டு இது சாத்தியமா? வெறும் மிகை என்று ஒதுக்கிவிடலாமா?

ஒரு வாசகி, திருச்சி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் ஐயம் சரியானது. போர் நடந்தது 1461 மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு. சில நாட்களிலேயே எழுதப்பட்ட கடிதங்களில் இந்த எண் வந்துவிட்டது. ஆனால் அது வென்ற யார்க் தரப்பின் கணக்கு. இன்றைய ஆய்வாளர்கள் பலர் வெகுவாகக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான்.

ஆனால் எண்ணோடு சேர்த்து அந்த நாளையும் ஒதுக்கிவிடாதீர்கள். 1996-இல் டவ்டனின் பழைய மாளிகையொன்றில் கட்டுமானத்துக்குத் தோண்டியபோது ஒரு புதைகுழி வெளிப்பட்டது. ஏறத்தாழ நாற்பது பேரின் எலும்புகள். காயங்களில் பெரும்பாலானவை தலையில், அதுவும் ஒரே மண்டையோட்டில் பல வெட்டுகள். தலைக்கவசம் இழந்து, தப்பி ஓடும்போதோ பிடிபட்ட பிறகோ வெட்டப்பட்டவர்கள் என்றே தோன்றுகிறது. ஒருவருடைய தாடையில் பழைய வெட்டொன்று ஆறிய தடம் இருக்கிறது. முன்பே ஒரு முறை சாவைத் தொட்டுத் திரும்பியவர் மீண்டும் களத்துக்கு வந்திருக்கிறார். பெயர் தெரியாத அந்த மனிதரை என்னால் மறக்க முடியவில்லை.

அன்று பனி பெய்துகொண்டிருந்தது. காற்று லங்காஸ்டர் படையின் முகத்தில் அடித்தது. யார்க் தரப்பின் ஃபாக்கன்பர்க் பிரபு அதைப் பயன்படுத்தி அம்பு மழை பொழியச் செய்தார். எதிர்க்காற்றில் லங்காஸ்டர் அம்புகள் இலக்கை எட்டாமல் விழுந்தன. நின்று சாக மனமின்றி அவர்கள் முன்னேறிக் கைகலந்தார்கள். நெடுநேரம் யார் கை ஓங்கியது என்று சொல்ல முடியாத சண்டை. யார்க் தரப்பின் நார்ஃபோக் பிரபுவின் படை தாமதமாக வந்து சேர்ந்த பிறகே லங்காஸ்டர் அணி உடைந்தது. ஓடியவர்களை காக் பெக் ஓடை மறித்தது. வெட்டுக்குத் தப்பியவர்களில் பலர் அதில் மூழ்கினார்கள்.

இத்தனை வெறி எதற்கு? இரு குடும்பங்களும் மன்னர் மூன்றாம் எட்வர்டின் வழிவந்தவை; இரண்டுமே அரியணைக்கு உரிமை கோரின. டவ்டனுக்கு மூன்று மாதம் முன்பு, வேக்ஃபீல்டில் யார்க் கோமகனும் அவருடைய பதினேழு வயது மகனும் கொல்லப்பட்டார்கள். கோமகனின் தலைக்குக் காகித முடி சூட்டி, யார்க் நகர வாயிலில் வைத்தார்கள். டவ்டனுக்குப் படை நடத்தி வந்த நான்காம் எட்வர்ட் அவருடைய மூத்த மகன். வயது பதினெட்டு.

வென்று யார்க் நகருக்குள் நுழைந்ததும் எட்வர்ட் தந்தையின் தலையை இறக்கச் செய்தார். பிறகு பகைவர்களின் தலைகளை அங்கே ஏற்றினார்.