பதில்: புதிய கமடோர் 64-இல் டிரம், பேச்சு ஒலி மட்டும் கேட்கவில்லை

கமடோர் 64 என்ற 1980-களின் வீட்டுக் கணினியில், பழைய மாடலில் அதிர்ந்த விளையாட்டு டிரம் ஒலி புதிய மாடலில் முணுமுணுக்கிறது, மெட்டு மட்டும் சரியாக இருக்கிறது என்றால், கோளாறு விளையாட்டில் இல்லை. ஒலியை உண்டாக்கும் சிட் (SID) சிப் பழையதில் 6581, புதியதில் 8580 ஆக இருக்கும். மூடியைத் திறந்து எண்ணைப் பாருங்கள்.

சிட் சிப்பில் மூன்று குரல்கள்தான். பதிவு செய்த ஒலிக்குத் தனி வழி கிடையாது. அதனால் 54296-ஆம் நினைவக முகவரியின் கீழ் 4 பிட்டான வால்யூமையே வேகமாக மாற்றி ஒலி உண்டாக்கினார்கள். 6581-இன் வெளியீட்டில் எப்போதும் ஒரு டிசி மின்னழுத்தம் நிற்கும். வால்யூம் மாறினால் அதுவும் ஏறி இறங்கி, ஒலியாகிறது. உண்மையில் அது ஒரு குறை. 8580-இல் அதைச் சரிசெய்துவிட்டார்கள், டிரம்மும் கூடவே போயிற்று!

டிரம்மைத் திரும்பக் கொண்டுவர, 8580-இன் 26-ஆம் காலுக்கும் (வெளி ஒலி உள்ளீடு) 14-ஆம் காலுக்கும் (கிரவுண்ட்) இடையே 330 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவையுங்கள். இரைச்சல் கொஞ்சம் கூடும்.

பழையதிலுள்ள 6581-ஐக் கழற்றி அப்படியே புதியதில் மாட்டிவிடாதீர்கள். அதற்கு 12 வோல்ட், 8580-க்கு 9 வோல்ட்; ஃபில்டர் கெப்பாசிட்டர்களும் வேறு.

நிரல் உங்களுடையது என்றால் சாலிடரிங்கே வேண்டாம். மூன்றாம் குரலை விட்டுக்கொடுத்து, அதன் முகவரிகளான 54291-இல் 0, 54292-இல் 240, 54290-இல் 73 எழுதுங்கள். 73-இல் அடங்கிய டெஸ்ட் பிட், பல்ஸ் அலையை (சதுர வடிவ அலை) மேல் நிலையிலேயே நிறுத்திவைக்கும். தேவையான டிசி வந்துவிடும். 54296-இல் எழுதும்போது மேல் 4 பிட்டை அழித்துவிடாதீர்கள், ஃபில்டர் அமைப்பு அங்கேதான் இருக்கிறது.