டி அண்ட் டி சண்டை ரெண்டு மணி நேரம் இழுக்குதா? – பதில்

அண்ணாச்சி, டி அண்ட் டியில, அதான் பகடை உருட்டிக் கதையா ஆடுற ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ல, ஆறு ஆட்டக்காரங்க, எட்டு காப்ளின் (குட்டிப் பூதம்), களக்காட்டு மலைப்பாதையில ஒரே சண்டை ரெண்டு மணி நேரம், பாதிப் பேர் போனைப் பார்க்காங்கன்னு எழுதியிருக்கீய. எட்டுக்கும் தனித்தனியா முறை வச்சதுதான் கோளாறு. நாலு நாலா பிரிச்சு, கூட்டத்துக்கு ஒரே இனிஷியேட்டிவ் (யாரு முதல்ல ஆடணும்னு முடிவு பண்ற பகடை) உருட்டுங்க. 2014 விதிப்புத்தகத்துல காப்ளின் அடிக்குச் சராசரி சேதம் 5. அடி பட்டா, சேதத்துக்குத் தனியா பகடை உருட்டாம அதையே ஆட்டக்காரர் உயிர்ப்புள்ளியில கழிங்க. தாக்குற பகடையில 20 விழுந்தா மட்டும் 9.

ஆட்டக்காரங்க இருபது முகப் பகடையையும் சேதப் பகடையையும் சேர்த்தே போடணும். இப்ப யாரு, அடுத்து யாருன்னு ரெண்டு பேரையும் கூப்பிடுங்க, போன் தானா கீழ போயிரும்.

நாலு காப்ளின் செத்து விழுந்ததும் மிச்சம் ஓடட்டும். சாகுறவரை நிக்க அதுக என்ன கட்டபொம்மன் படையா? ஓடுறதுல ஒண்ணைப் பிடிச்சா, அடுத்த வாரக் கதைக்குத் துப்பு அதுகிட்டயே கிடைக்கும்.