உரச ஆளே இல்ல, அப்புறம் எது தேயுது?

கேள்வி: விண்கலத்தைத் தள்ளுற அயான் இன்ஜின்ல சுத்துற பார்ட் எதுவும் இல்ல, விண்வெளில காத்து இல்ல, துருப் பிடிக்க வழியில்ல. அப்படியிருக்க அது தேஞ்சு போகும்ங்கறாங்களே, எப்படி?

பதில்: தேய்க்கிறது அந்த இன்ஜின் வெளிய துப்புற செனான் வாயுவேதாங்க. செனானை உள்ள விட்டு எலக்ட்ரானால அடிச்சு அயானாக்கி (அதாவது எலக்ட்ரானை இழந்து மின்னேற்றம் வந்த அணுவாக்கி), பொடிப்பொடியா ஆயிரக்கணக்குல ஓட்டை போட்ட ரெண்டு சல்லடைத் தட்டு வழியா, ஆயிரம் வோல்ட்டுக்கு மேல கொடுத்து இழுத்து விடுறாங்க. அந்தத் தட்டுக்குப் பேரு கிரிட். நொடிக்கு 30 கிலோமீட்டர் வாக்குல பாயுற அயான் போற வழில கிரிட்ல மோதி அரிக்குதுன்னுதான் நிறைய பேரு நினைக்கிறாங்க, ஆனா ஓட்டையெல்லாம் நேரா இருந்தா அது மோதாம சுத்தமா வெளிய போயிடும்.

வில்லங்கம் பண்றது அயானாகாம மெதுவா கசியுற மிச்ச செனான் அணுதான். வேகமா போற அயான் அதுகிட்டேருந்து ஒரு எலக்ட்ரானைப் புடுங்கிட்டு அதே வேகத்துல போயிடும், எலக்ட்ரானைப் பறிகொடுத்த அணு மெதுவான அயானா அங்கேயே நிக்கும், வெளிப்பக்க கிரிட்ல மைனஸ் வோல்ட்டேஜ் இருக்கறதால அதைத் திருப்பி இழுத்து தன் மேலயே மோத வச்சுக்கும். அப்படி மோதறப்போ அங்கொண்ணு இங்கொண்ணா உலோக அணு பேந்து வரும். கொஞ்சம்தான், ஆனா வருஷக்கணக்கா நடக்குதே! ஓடி முடிச்ச கிரிட்டை வெளிப்பக்கமா கிட்டப் பாத்தா, ஒவ்வொரு ஓட்டையைச் சுத்தியும் அறுகோணமா ஒரு வாய்க்கால் வெட்டியிருக்கும், மூணு ஓட்டைக்கு நடுவுல வர்ற எடத்துல குழியே விழுந்திருக்கும்.

அந்த மைனஸ் வோல்ட்டேஜை எடுத்துட முடியாதான்னு தோணும். முடியாது. வெளிய இருக்கற எலக்ட்ரான் உள்ள வராம தடுக்கறது அதுதான். ஓட்டை தேஞ்சு பெருசாகப் பெருசாக அந்தத் தடுப்பு பலம் குறைஞ்சு எலக்ட்ரான் பின்னாடி ஓட ஆரம்பிக்கும், இன்ஜினோட ஆயுசு முடியற வழில இது முக்கியமான ஒண்ணு.

டீப் ஸ்பேஸ் 1 விண்கலத்துக்காக செஞ்ச ஸ்பேர் இன்ஜினை நாசாவோட ஜேபிஎல் ஆய்வுக்கூடம் தரையில வெற்றிட அறைக்குள்ள 30,352 மணி நேரம் ஓட்டிப் பாத்துச்சு, 2003-ல அவங்களாதான் நிறுத்துனாங்க. உள்ள எலக்ட்ரானை விடுற கேத்தோடுக்கு முன்னாடி இருக்கற கீப்பர்ங்கற தகடு அரிச்சே காணாம போயிருந்துச்சு, அப்பவும் இன்ஜின் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. எனக்கு இது இன்னிக்கும் பிரமிப்புதான்.

கேள்வி: ஹால் த்ரஸ்டர்னு இதே மாதிரி இன்னொரு வகை இன்ஜின்ல கிரிட்டே கிடையாதாமே, அப்போ தேய்மானமும் கிடையாதா?

பதில்: அதுல வளையமா இருக்கற செராமிக் சுவரு தேயும். பெரும்பாலும் போரான் நைட்ரைடு. அது கரைஞ்சு முடிஞ்சா பின்னாடி இருக்கற காந்தம் அடி வாங்கும். ஆனா பிபிடி-4000ங்கற த்ரஸ்டரை 10,000 மணி நேரத்துக்கு மேல டெஸ்ட் பண்ணப்போ, பாதி வழில சுவரு தேயறது கிட்டத்தட்ட நின்னே போச்சு. ஜேபிஎல்காரங்க நோண்டிப் பாத்தா, தேஞ்சு தேஞ்சு சுவரு ஒரு வடிவத்துக்கு வந்திருக்கு, அந்த வடிவத்துல காந்தக் கோடுங்க சுவரை ஒட்டியே போய் அயான் வந்து மோதாம காக்குது. இப்போ மொதல்லேர்ந்தே அப்படி டிசைன் பண்றாங்க, காந்தக் கவசம்னு வச்சுக்கங்களேன்.

கேள்வி: நடு வழில பழுதானா ஆளு போய் சரி பண்ண முடியாதே, என்ன செய்வாங்க?

பதில்: ஜப்பானோட ஹயபுசா விண்கலத்துக்கு 2009 நவம்பர்ல அதான் ஆச்சு. அயானுக்கு ஈடா எலக்ட்ரானை விடுற நியூட்ரலைசருங்க ஆயுசு முடிஞ்சு ஒவ்வொண்ணா படுத்துடுச்சு. ஏ இன்ஜின்ல நியூட்ரலைசர் நல்லா இருந்துச்சு, பி இன்ஜின்ல அயான் பகுதி நல்லா இருந்துச்சு, ரெண்டையும் சேத்து ஒரே இன்ஜினா ஓட்டுனாங்க. அப்படி ஓட்ட முடிஞ்சதுக்குக் காரணம், கிளம்பறதுக்கு முன்னாடியே சர்க்யூட்ல யாரோ யோசிச்சு வச்சிருந்த ஒரு டயோடு, கரண்டை ஒரே பக்கமா மட்டும் விடுற சின்ன பார்ட். 2010 ஜூன்ல ஹயபுசா பூமிக்கு வந்து சேந்துடுச்சு.