கொழிஞ்சாம்பாறையில் இருந்தபடியே டிஸ்னி வேர்ல்ட் சவாரிகளை முன்பதிவு செய்ய முடியுமா?

மகள் வீட்டில் இறங்கிய மறுநாளே பேரனுடன் ஆர்லாண்டோ பூங்காவுக்குப் போகிறீர்கள். கிளம்புவதற்கு முன்பே சவாரிகளை உறுதிசெய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். அங்கே பதிவு காலை 7 மணிக்குத் திறக்கும். நமக்கு அது மாலை 4.30, அவர்களுடைய குளிர்காலத்தில் 5.30.

கொச்சி வொண்டர்லாவில் பாஸ்ட்டிராக் டிக்கெட் எடுத்த பழக்கத்தை மறந்துவிடுங்கள். நீண்ட வரிசையைத் தவிர்க்கக் கட்டணம் கட்டி வாங்கும் டிஸ்னியின் 'லைட்னிங் லேன் மல்டி பாஸ்', ஒவ்வொரு சவாரிக்கும் நீங்கள் வந்து சேர வேண்டிய ஒரு மணி நேரத்தைக் குறித்துத் தருகிறது. டிஸ்னி விடுதியில் தங்குவோருக்கு 7 நாள் முன்பும், உங்களைப் போல வெளியே தங்குவோருக்கு 3 நாள் முன்பும் பதிவு திறக்கும். முதலில் மூன்று சவாரிகள். ஒன்றில் ஏறியதும் கைப்பேசியிலேயே அடுத்ததைப் பிடிக்கலாம். ஆகவே முதல் சவாரியைக் காலையிலேயே வையுங்கள். மூன்றையும் பிற்பகலுக்குத் தள்ளினால், அதுவரை புதிதாக எதையும் எடுக்க முடியாது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

டிஸ்னி வேர்ல்டின் பூங்காக்களில் ஒன்றான மேஜிக் கிங்டமில் உள்ள 'ட்ரான்' ரோலர் கோஸ்டர் இந்தப் பாஸில் வராது, தனிக் கட்டணம். 122 செ.மீ. உயரமும் வேண்டும், பேரனைச் சுவரோரம் நிறுத்தி அளக்கச் சொல்லிவிட்டுப் பணம் கட்டுங்கள்.

நுழைவு டிக்கெட் முன்பே கையில் இருக்க வேண்டும். நம் ஊர் வங்கி அட்டை என்றால், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கான அனுமதியை முந்தைய நாளே திறந்துவையுங்கள்.