முகம் பாதி ஆரஞ்சு, பாதி நீலம்: கேமராவில் பழுதில்லை

வணக்கம் நண்பரே. தங்கை நிச்சயதார்த்தப் படங்களில் ஒரு கன்னம் ஆரஞ்சாகவும் மறு கன்னம் நீலமாகவும் வருகிறது, ஆட்டோ வொயிட் பேலன்ஸை (வெளிச்சத்தின் நிறத்துக்கேற்ப படத்தின் நிறத்தைக் கேமராவே சரிசெய்யும் வசதி) மாற்றிப் பார்த்தும் சரியாகவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேடையில் மஞ்சள் பல்பு, இடப்பக்கம் திறந்த ஜன்னல். வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். குண்டு பல்பு வெளிச்சம் சுமார் 2700 கெல்வின், பகல் வெளிச்சம் 5500 பக்கம். கேமரா முழுப் படத்துக்கும் ஒரே அளவைத்தான் வைக்கும், அதனால் ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெடும்.

எண்ணிலும் ஒரு குழப்பம் உண்டு. கேமராவில் 3200 வைத்தால் படம் நீலம் பக்கம் போகும், ஏனென்றால் வெளிச்சம் மஞ்சள் என்று நீங்கள் சொன்னதாக எடுத்துக்கொண்டு அது நீலத்தைக் கூட்டுகிறது.

அடுத்த முறை ஜன்னல் திரையை இழுத்து மூடிவிடுங்கள், முடியாவிட்டால் பல்பை அணையுங்கள். பல்போடு ஃபிளாஷும் போட்டால், அதன் வெளிச்சமும் பல்பு நிறத்துக்கு வரும்படி அதன்மேல் ஆரஞ்சு ஜெல் தாள் (ஒளி ஊடுருவும் வண்ணத் தாள்) ஒட்டி, கேமராவை 3200 பக்கம் வையுங்கள். அப்புறம், பிறகு நிறத்தைச் சரிசெய்ய அளவாக இருக்கும்படி, முகத்தருகே சாம்பல் அட்டை பிடித்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் வெள்ளை வேட்டியை அளவாக எடுக்காதீர்கள், சொட்டு நீலம் போட்டுத் துவைத்த வேட்டி உண்மையில் வெள்ளையே இல்லை!

இப்போது இருப்பவை ரா ஃபைல்கள் (கேமரா பதிவுசெய்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் கோப்புகள்) என்றால் கவலை வேண்டாம். படம் திருத்தும் மென்பொருளில் பல்பு பக்கத்துக்கு முதலில் சரிசெய்துவிட்டு, நீலக் கன்னத்தை மட்டும் பிரஷ்ஷால் தேர்ந்தெடுத்து டெம்பரேச்சரை ஏற்றுங்கள். ஜேபெக் என்றாலும் ஓரளவு சரியாகும். ஆனால் குத்துவிளக்கைச் சுற்றியுள்ள மஞ்சளைத் தயவுசெய்து தொடாதீர்கள், அந்தப் படத்தின் அழகே அதுதான்.