பட்டம் வாங்கியாச்சு, அடுத்து? – வேலையும் பணமும்: கேள்வி பதில்

கேள்வி: டிகிரி முடித்து 4 மாதம் ஆகிறது. எந்த வேலைக்குப் போவது என்றே பிடிபடவில்லை. மேலே படித்துவிடலாமா அண்ணா?

பதில்: பிடிபடாமல் படிக்கப் போனால் இரண்டு வருடம் கழித்து இதே கேள்வி கடனோடு வந்து நிற்கும். மனதில் இருக்கும் ஒரு வேலைக்கு வந்த 20 விளம்பரங்களை எடுங்கள். ஒவ்வொன்றும் கேட்கும் திறன்களை எக்செலில் குறியுங்கள். பாதிக்கு மேல் விளம்பரங்களில் வருவது கட்டாயம். இரண்டு மூன்றில் மட்டும் வருவது அந்தந்த நிறுவனத்தின் ஆசை. கட்டாயப் பட்டியலில் மேற்படிப்பு இருந்தால் படியுங்கள். இல்லையென்றால், உங்களிடம் இல்லாத ஒரு திறனை 6 வாரம் கற்று, பிறரிடம் காட்டும்படி ஒரு சின்ன வேலையை முடியுங்கள். டேட்டா அனலிஸ்ட் என்றால், பொதுவில் கிடைக்கும் தரவை எடுத்து 3 கேள்விகளுக்கு விடை சொல்லும் ஒரு பக்க அறிக்கை போதும். தரவிலுள்ள பிழைகளைக் களைந்து சுத்தம் செய்யும்போதே அலுத்துவிட்டதா? நல்லது, சீக்கிரமே தெரிந்துவிட்டது. அந்த வேலையில் கணிசமான நேரம் அதற்குத்தான் போகும்.

கேள்வி: 80 இடத்துக்கு ரெஸ்யூமே அனுப்பியும் ஒரு அழைப்புகூட இல்லை.

பதில்: அழைப்பே வராவிட்டால் முதலில் ரெஸ்யூமேயைச் சந்தேகியுங்கள், நேர்காணல் வரை போய் நின்றால் தயாரிப்பை. பிடிஎஃப் முழுவதையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிகள் முன்பின்னாகக் கலைந்திருந்தால், நிறுவனங்கள் ரெஸ்யூமேக்களை வடிகட்டப் பயன்படுத்தும் மென்பொருளும் அப்படித்தான் படிக்கக்கூடும். பக்கத்தை இரண்டாகப் பிரிக்கும் அலங்கார டெம்ப்ளேட்டுகளில் இது அடிக்கடி நடக்கும். 'குழுவாகப் பணியாற்றினேன்' என்ற வரியை எடுத்துவிட்டு, '4 பேர் குழுவில் டெஸ்டிங் என் பொறுப்பு' என்று எழுதுங்கள்.

கேள்வி: ஆஃபர் கடிதத்தில் உள்ள ஆண்டுத் தொகையை 12-ஆல் வகுத்து வீட்டு வாடகையை முடிவு செய்யலாமா?

பதில்: கூடாது. போனஸ், வரி, பிடித்தங்கள் போக மாதம் கைக்கு வருவது எவ்வளவு என்று எச்ஆரிடம் மின்னஞ்சலில் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கேள்வி: கல்விக் கடனும் இருக்கிறது, கிரெடிட் கார்டு பாக்கியும் இருக்கிறது. எதை முதலில் அடைப்பது? சேமிப்பு எப்போது?

பதில்: முதலில் ஒரு மாதச் செலவுக்கான பணத்தைத் தனியாக ஒதுக்குங்கள். அது இல்லாவிட்டால் போன் உடைந்தால்கூட மறுபடி கார்டைத்தான் தேய்ப்பீர்கள். கல்விக் கடன் தவணையைத் தேதி தவறாமல் கட்டிக்கொண்டு, மிச்சம் முழுவதையும் கார்டில் போடுங்கள். கார்டு வட்டி மாதம் 3% என்றால் கேட்கச் சின்னதாக இருக்கும். கூட்டு வட்டியில் ஆண்டுக்கு 42% தாண்டும். பாக்கி 1,00,000 என்று வையுங்கள். 'மினிமம் டியூ', அதாவது அந்த மாதம் குறைந்தபட்சம் கட்ட வேண்டிய தொகை, 5% என்றால் 5,000 கட்டுவீர்கள். அதில் 3,000 வட்டிக்கே போய்விடும். அசலில் குறைவது 2,000 மட்டுமே. அடைத்து முடியும்வரை அந்தக் கார்டில் புதிதாக எதுவும் வாங்காதீர்கள். பிறகு கையிருப்பை 3 முதல் 6 மாதச் செலவு அளவுக்கு உயர்த்துங்கள். பிடிக்காத வேலையை விட்டு வேறு தேடும் தைரியம் அந்தக் கையிருப்பில்தான் இருக்கிறது.

கேள்வி: மாதம் 1,000தான் மிஞ்சுகிறது. 30 வயது தாண்டியதும் சேர்த்து முதலீடு செய்தால் என்ன?

பதில்: கணக்கைப் பாருங்கள். 22 வயதில் தொடங்கி ஆண்டுக்கு 12,000 வீதம் 10 ஆண்டு மட்டும் போட்டுவிட்டு ஒருவர் நிறுத்துகிறார், போட்டது 1.2 லட்சம். இன்னொருவர் 32-இல் தொடங்கி 60 வரை போடுகிறார்; போட்டது 3.36 லட்சம். ஆண்டுக்கு 8% வளர்ச்சி என்றால் 60 வயதில் முதலாமவரிடம் சுமார் 15 லட்சம், இரண்டாமவரிடம் சுமார் 11.4 லட்சம். நிஜத்தில் பங்குச் சந்தை இப்படிச் சீராக ஏறாது. 5 ஆண்டுக்குள் தேவைப்படும் பணத்தை அங்கே போடாதீர்கள்.